பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளுடன் மலையேறியவர்

கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் அந்த ஒரு நிமிடத்துக்கே நூறு படம் எடுத்துத் தள்ளும் காலம் இது. கைப்பேசி இல்லாத கை இல்லை. இருந்தாலும், புகைப்படக் கலையை முறையாகப் படிக்கப் போகும் பிள்ளைகளைச் சுற்றி ஒரு பழைய வழக்கு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முதலில் ஃபிலிம் கேமராவில் கற்றுக்கொடுப்பதா, நேராக டிஜிட்டல் கேமராவைக் கையில் கொடுப்பதா என்பதே அந்த வழக்கு.

ஃபிலிம் பக்கம் பேசுவோர், ஒரு சுருளில் 36 படம்தான் என்றால் பிள்ளை யோசித்து எடுப்பான் என்கிறார்கள். டிஜிட்டல் பக்கம் பேசுவோர், தவறு அங்கேயே தெரிந்தால்தான் அங்கேயே திருத்திக்கொள்ள முடியும் என்கிறார்கள். இந்த வாதத்தில் ஃபிலிம் தரப்பின் சாட்சியாக அடிக்கடி நிறுத்தப்படுபவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்சல் ஆடம்ஸ். கறுப்பு வெள்ளையில் மலைகளைப் படமெடுத்து உலகப் புகழ் பெற்றவர். ஆனால் அவருடைய வாழ்க்கையை முழுதாகப் பார்த்தால், அவர் ஒரு தரப்புக்கு மட்டும் சாட்சி சொல்லக்கூடியவர் அல்லர் என்பது தெரியவரும்.

பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தாத பையன்

1902 பிப்ரவரி 20ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார் ஆடம்ஸ். தாத்தா மரவியாபாரத்தில் பெரும் பொருள் சேர்த்தவர். பேரனுக்கு நான்கு வயதானபோது, 1906 ஏப்ரலில், அந்த நகரையே புரட்டிப் போட்ட நிலநடுக்கம் வந்தது. முதல் அதிர்வில் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில மணி நேரம் கழித்து வந்த பின்னதிர்வு அவனைத் தோட்டத்துச் சுவரில் மோதித் தள்ளியது. மூக்கு உடைந்தது. அந்தக் கோணல் மூக்கு கடைசிவரை அவருடைய அடையாளமாக இருந்தது.

அடுத்த ஆண்டே நாட்டில் பெரும் பண நெருக்கடி. குடும்பத்தின் சொத்து கரைந்தது. தந்தை சார்ல்ஸ் ஆடம்ஸ் கடனைத் தீர்ப்பதிலேயே தம் நல்ல ஆண்டுகளைச் செலவழித்தார்.

மகனோ ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். பள்ளிகள் அவனைத் தாங்கவில்லை. அவனும் பள்ளிகளைத் தாங்கவில்லை. 12 வயதில் தந்தை அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் பனாமா பசிபிக் உலகக் கண்காட்சி நடந்தபோது, ஓராண்டு நுழைவுச் சீட்டு ஒன்றை வாங்கி மகன் கையில் கொடுத்தார். தினமும் அங்கே போய்ச் சுற்றிப் பார்ப்பதே அவனுக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. பையன் உருப்பட மாட்டான் என்று ஊர் சொல்லக்கூடிய நேரத்தில் தந்தை எடுத்த அந்த முடிவை ஆடம்ஸ் கடைசிவரை மறக்கவில்லை. எட்டாம் வகுப்புச் சான்றிதழோடு முடிந்தது அவருடைய பள்ளிப் படிப்பு. பின்னாளில், 1981இல், ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

அதே 12 வயதில்தான் அவர் தாமாகவே பியானோ வாசிக்கத் தொடங்கினார். வீட்டில் ஆசிரியர்களை அமர்த்தினார்கள். எங்கும் நிலைகொள்ளாத பையன் பியானோ முன் மட்டும் மணிக்கணக்காக உட்கார்ந்தான். ஒரு சுரம் பிசகினால் மீண்டும் முதலிலிருந்து வாசிக்கச் சொல்லும் கண்டிப்பான பயிற்சி அது. மேடைக் கலைஞராக வேண்டும் என்பதே அவருடைய கனவாக இருந்தது.

பெட்டிக் கேமரா வந்த கோடைக்காலம்

1916இல் குடும்பம் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா சென்றது. வானை முட்டும் கருங்கல் மலைகளும் அருவிகளும் நிறைந்த இடம். அங்கே பெற்றோர் அவருக்கு ஒரு கோடாக் பிரௌனி பெட்டிக் கேமராவைக் கொடுத்தார்கள். அக்காலத்தில் பிள்ளைகளும் வாங்கக்கூடிய மலிவுக் கேமரா அது. கூர்மையை மாற்றவோ ஒளியை அளக்கவோ அதில் வழியில்லை. பொத்தானை அழுத்தலாம், சுருளைத் திருப்பலாம், அவ்வளவுதான். ஒளிப்படக் கலையின் பேராசான் என்று பின்னர் போற்றப்பட்டவர் தொடங்கியது, அந்நாளின் மிக எளிய, மிகச் சுலபமான கருவியில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பியதும், சான் பிரான்சிஸ்கோவில் படம் கழுவித் தரும் ஒருவரிடம் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தார். இருட்டறை வேலையை அங்கேதான் கற்றார். 17 வயதில் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான சியரா கிளப்பில் உறுப்பினரானார். பிறகு சில கோடைக்காலங்கள் யோசெமிட்டியில் அந்த அமைப்பின் விடுதிக் காப்பாளராக வேலை பார்த்தபடியே மலைகளில் அலைந்தார். குளிர்காலத்தில் பியானோ, கோடைக்காலத்தில் மலையும் கேமராவும். இப்படியே பத்தாண்டுகள் ஓடின.

மிச்சமிருந்த இரண்டு தகடுகள்

1927 ஏப்ரலில் ஒரு நாள் காலை, நண்பர்கள் சிலரோடு யோசெமிட்டியின் ஹாஃப் டோம் மலைக்கு எதிரே உள்ள ஒரு பாறை விளிம்புக்கு ஏறினார் ஆடம்ஸ். அடுத்த ஆண்டு அவர் மணக்கவிருந்த வெர்ஜினியா பெஸ்ட்டும் அந்தக் குழுவில் இருந்தார். முதுகில் பெரிய மரக் கேமரா, லென்சுகள், முக்காலி. அவற்றோடு 12 கண்ணாடித் தகடுகள். ஒரு தகட்டில் ஒரு படம் மட்டுமே எடுக்க முடியும்.

வழியில் எடுத்தவையும் வீணானவையும் போக, பாறை விளிம்பை அடைந்தபோது இரண்டு தகடுகளே மிச்சம். செங்குத்தான மலைமுகத்தில் ஒளி விழும்வரை காத்திருந்தார். வழக்கமான மஞ்சள் ஃபில்டரைப் பொருத்தி ஒரு படம் எடுத்தார். எடுத்த கையோடு அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. இந்தப் படத்தில் வானம் சாதாரணச் சாம்பல் நிறத்தில்தான் வரும். மலையைப் பார்த்தபோது மனத்தில் எழுந்த பிரமிப்பு அதில் இருக்காது. கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுக்கும் என்பதால் நீல வானம் ஏறக்குறையக் கறுப்பாகப் பதியும், அதன் முன் மலை ஓங்கி நிற்கும் என்று கணக்குப் போட்டார்.

கணக்கு பலித்தது. ‘மோனோலித்’ என்று பெயர்பெற்ற அந்தப் படம்தான் அவருடைய பாதையை மாற்றியது. பொத்தானை அழுத்தும் முன்பே, காகிதத்தில் வரப்போகும் படத்தை மனக்கண்ணில் முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்ற பாடத்தை அன்று அவர் கண்டுகொண்டார். அடுத்த ஐம்பது ஆண்டுகளும் மாணவர்களுக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

அன்று அவரிடம் இருநூறு தகடுகள் இருந்திருந்தால் இரண்டு ஃபில்டரையும் மாற்றி மாற்றிப் போட்டு எடுத்திருக்கலாம். படம் கிடைத்திருக்கும். அந்தச் சந்தேகம் அவ்வளவு கூர்மையாக வந்திருக்குமா என்பதுதான் கேள்வி. ஃபிலிமில் கற்பிக்க வேண்டும் என்போரின் வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

பியானோவா, கேமராவா?

1930இல் நியூ மெக்சிகோவில் பால் ஸ்ட்ராண்ட் என்ற புகைப்படக் கலைஞரைச் சந்தித்தார். அச்சிட்ட படங்கள் கைவசம் இல்லாததால் ஸ்ட்ராண்ட் தம் நெகட்டிவ்களையே காட்டினார். அவற்றைப் பார்த்துவிட்டு வந்த ஆடம்ஸ், இனி இசை தொழிலல்ல, புகைப்படம்தான் தொழில் என்று முடிவெடுத்தார். தாயாரும், உடன் வாழ்ந்த தாயின் சகோதரியும் பியானோவை விட்டுவிட வேண்டாம் என்று மன்றாடினார்கள். மனித ஆன்மாவைக் கேமராவால் சொல்ல முடியாது என்பது அவர்கள் எண்ணம். ஆடம்ஸ் பின்வாங்கவில்லை.

ஆனால் இசை அவரைவிட்டுப் போகவில்லை. நெகட்டிவ் என்பது இசையமைப்பாளர் எழுதிவைத்த சுரக்குறிப்பு போன்றது. அச்சிட்ட படம் அதை மேடையில் வாசித்துக் காட்டும் கச்சேரி போன்றது என்று மாணவர்களுக்கு விளக்குவார். ஒரே கீர்த்தனையை ஒரு பாடகர் இளமையில் ஒருவிதமாகவும் முதுமையில் வேறுவிதமாகவும் பாடுவதுபோல, ஒரே நெகட்டிவிலிருந்து அவரும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபட்ட படங்களை அச்சிட்டார்.

1932இல் எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோருடன் சேர்ந்து குரூப் எஃப் 64 என்ற குழுவைத் தொடங்கினார். ஓவியம் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகப் படத்தை மங்கலாக்கும் அன்றைய வழக்கத்துக்கு எதிராக, முன்னிருந்து பின்வரை எல்லாம் துல்லியமாகத் தெரியும் படங்களை அவர்கள் முன்வைத்தார்கள். புகழ் வளர்ந்தது, வருமானம் வளரவில்லை. விளம்பரப் படங்கள், நிறுவனங்களுக்கான வேலைகள் என்று பல ஆண்டுகள் உழைத்துத்தான் வீட்டை ஓட்டினார். மலைகளில் கழித்த நாட்களுக்கும் இருட்டறையில் கழித்த இரவுகளுக்கும் விலையைப் பெரும்பாலும் செலுத்தியது மனைவியும் இரண்டு பிள்ளைகளும்தான்.

கறுப்பு முதல் வெள்ளை வரை 11 படிகள்

1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்சில் உள்ள ஆர்ட் சென்டர் கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். வகுப்பில் ஒரு சிக்கல் எழுந்தது. தமக்குக் கைவந்ததை மாணவருக்கு எப்படிக் கடத்துவது? அனுபவத்தில் வரும் என்று சொல்லிவிட்டுப் போவது ஆசிரியர் வேலை ஆகாது.

சக ஆசிரியர் ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து அவர் உருவாக்கியதே ஸோன் சிஸ்டம். முழுக் கறுப்பிலிருந்து காகித வெள்ளை வரை உள்ள ஒளியை 0 முதல் 10 வரை 11 படிகளாகப் பிரித்தார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ஒளி இரண்டு மடங்காகும். நடுவில் உள்ள 5ஆம் படி நடுத்தரச் சாம்பல்.

இதன் பயன் எளிது. லைட் மீட்டருக்கு வெள்ளை வேட்டியும் தெரியாது, கருங்கூந்தலும் தெரியாது. எதை நோக்கி நீட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கும் அளவையே அது சொல்லும். அதனால்தான் வெள்ளை வேட்டி அழுக்காகவும், கருங்கூந்தல் வெளிறியும் படத்தில் வந்துவிடுகின்றன. வேட்டி எந்தப் படியில் விழ வேண்டும், கூந்தல் எந்தப் படியில் விழ வேண்டும் என்பதை எடுப்பவரே முடிவு செய்து அளவை மாற்ற வேண்டும். அந்த முடிவை எடுக்க மாணவனுக்கு ஒரு மொழி வேண்டியிருந்தது. 11 படிகள் அந்த மொழியைக் கொடுத்தன.

1940இல் நியூ யார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் புகைப்படத் துறை உருவாக உதவினார். 1946இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா நுண்கலைக் கல்லூரியில் புகைப்படத் துறையைத் தொடங்கினார். 1948 முதல் கேமரா, நெகட்டிவ், பிரிண்ட் என்று வரிசையாகப் பாடநூல்கள் எழுதினார். 1955 முதல் 1981 வரை யோசெமிட்டியில் ஆண்டுதோறும் பயிலரங்கு நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் அவரிடம் நேரில் படித்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் துவாரம், வேகம், ஃபில்டர், ஒளியளவு எல்லாவற்றையும் எழுதிவைப்பது அவர் வற்புறுத்திய பழக்கம்.

மீட்டர் கிடைக்காத மாலை

அந்தப் பயிற்சியெல்லாம் அவருக்கே கைகொடுத்தது 1941 இலையுதிர் காலத்தில். நியூ மெக்சிகோவில் எட்டு வயது மகன் மைக்கேலுடனும் ஒரு நண்பருடனும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலா எழுந்திருந்தது. மறையும் சூரியனின் கடைசி ஒளி கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் பட்டு மின்னியது. வண்டியை ஓரங்கட்டி, அவசர அவசரமாகப் பெரிய கேமராவை நிறுத்தினார்கள். லைட் மீட்டரைத் தேடினால் அகப்படவில்லை.

நிலவின் ஒளி எவ்வளவு என்ற அளவு அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்காகவே அளவைத் தீர்மானித்து ஒரு படம் எடுத்தார். பாதுகாப்புக்காக இன்னொன்று எடுக்க ஃபிலிமைத் திருப்புவதற்குள் சிலுவைகள்மேல் இருந்த ஒளி போய்விட்டது. கிடைத்தது அந்த ஒன்றுதான். ‘மூன்ரைஸ்’ எனப்படும் அது உலகின் மிகப் புகழ்பெற்ற புகைப்படங்களுள் ஒன்று.

எல்லாவற்றையும் எழுதிவைக்கச் சொன்ன ஆசிரியர், அந்தப் படத்தை எடுத்த தேதியை மட்டும் குறிக்க மறந்தார். எந்த ஆண்டு என்பதிலேயே அவருக்குக் குழப்பம் இருந்தது. அவர் மறைந்தபின், படத்தில் நிலா இருக்கும் இடத்தை வைத்து வானியலாளர்கள் கணக்கிட்டு 1941 நவம்பர் 1 என்று முடிவுக்கு வந்தார்கள். இன்றைய டிஜிட்டல் கேமரா தேதி, நேரம், வேகம், துவாரம் அனைத்தையும் ஒவ்வொரு படத்தோடும் தானே பதிந்துவிடுகிறது. ஆடம்ஸ் மாணவர்களிடம் கெஞ்சிக் கேட்டதை அது கேட்காமலே செய்கிறது.

முள்வேலிக்குள் எடுத்த படங்கள்

உலகம் எரிந்துகொண்டிருக்கும்போது இந்த மனிதர் பாறையையும் மரத்தையும் படமெடுக்கிறாரே என்று அவரைக் குறை சொன்ன கலைஞர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு, தன் நாட்டிலேயே வாழ்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1943இல் கலிஃபோர்னியாவின் மன்சனார் முகாமுக்குச் சென்ற ஆடம்ஸ், அங்கிருந்தோரின் முகங்களையும் வேலைகளையும் படமெடுத்தார். 1944இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். போர் வெறி மிகுந்த நேரத்தில் அது பலருக்குப் பிடிக்கவில்லை. துன்பத்தைவிடப் புன்னகையை அதிகம் காட்டிவிட்டார் என்ற விமர்சனமும் பின்னாளில் எழுந்தது. 1965இல் அந்தப் படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்.

உடனே தெரியும் படம்

ஆடம்ஸை ஃபிலிம் தரப்பின் சாட்சியாக மட்டும் நிறுத்துவோர் சொல்ல மறக்கும் கதை ஒன்று உண்டு. எட்வின் லேண்ட் கண்டுபிடித்த போலராய்டு கேமரா 1948இல் விற்பனைக்கு வந்தது. எடுத்த ஒரு நிமிடத்தில் படம் கையில் வந்துவிடும். இருட்டறை வேண்டாம், ரசாயனத் தட்டுகள் வேண்டாம். இது விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிய கலைஞர்கள் பலர். ஆடம்ஸோ மறு ஆண்டே அந்த நிறுவனத்தின் ஆலோசகரானார். இறக்கும்வரை அந்தத் தொடர்பை விடவில்லை. 1963இல் போலராய்டு முறைக்கென்றே ஒரு கையேடு எழுதினார். 1968இல் அவர் எடுத்த எல் காபிடான் மலையின் குளிர்காலக் காலைப் படம், தம் சிறந்த படங்களுள் ஒன்றாக அவர் கருதியது, போலராய்டு ஃபிலிமில் எடுத்ததுதான்.

மலையுச்சியில் எடுத்த படத்தை வீட்டுக்கு வந்து கழுவும்போது, தவறு தெரிந்தாலும் மலை அருகில் இருக்காது. போலராய்டில் மலையும் படமும் ஒரே நேரத்தில் மாணவன் கண் முன்னே இருக்கும். மனத்தில் நினைத்தது எது, வந்தது எது என்று அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்று டிஜிட்டல் திரை தரும் வசதியும் இதுதான்.

அவர் காணாமல் போன கேமரா

1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சேசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்துகாட்டினார். 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. அது கடைக்கு வரவில்லை. ஆனால் 80 வயதை நெருங்கிய ஆடம்ஸ் அந்தத் திசையைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1981இல் திருத்தி எழுதிய நெகட்டிவ் பற்றிய நூலின் முன்னுரையில், அடுத்த பெரிய மாற்றம் மின்னணுப் படமாகவே இருக்கும், அதற்கென்று தனி இயல்புகள் இருக்கும், கலைஞர்கள் அவற்றைப் புரிந்து கட்டுப்படுத்த மறுபடியும் உழைக்க வேண்டியிருக்கும் என்ற கருத்தை எழுதினார். அதை அச்சத்தோடு எழுதவில்லை, ஆவலோடு எழுதினார்.

1980இல் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவருக்கு நாட்டின் உயரிய குடிமக்கள் விருதை வழங்கினார். 1984 ஏப்ரல் 22ஆம் தேதி, 82 வயதில், கலிஃபோர்னியாவில் காலமானார். யோசெமிட்டி அருகே ஒரு மலைச் சிகரமும் ஒரு பெரும் வனப்பகுதியும் இன்று அவர் பெயரைத் தாங்குகின்றன. அவருடைய நெகட்டிவ்கள், அவரே தொடங்க உதவிய அரிசோனா பல்கலைக்கழக மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அவர் சொன்ன தனி இயல்பு டிஜிட்டலில் உண்மையிலேயே இருந்தது. நெகட்டிவ் ஃபிலிமில் நிழல் பகுதிக்கு ஒளி போதாவிட்டால் அங்கே ஒன்றும் பதியாது. பிறகு மீட்க முடியாது. ஆகவே நிழலுக்கு அளவு வை என்பது பழைய பாடம். டிஜிட்டலில் வெளிச்சப் பகுதி எல்லை மீறினால் வெறும் வெள்ளையாகிவிடும். அதை மீட்க முடியாது. ஆகவே வெளிச்சத்துக்கு அளவு வை என்பது புதிய பாடம். விதி தலைகீழானாலும், எந்தப் பகுதி எந்தப் படியில் விழ வேண்டும் என்ற கேள்வி மாறவில்லை. 11 படிகள் தெரிந்த மாணவனுக்கு இரண்டு கேமராவும் கைவரும்.

ஃபிலிம் சுருளும் கழுவும் செலவும் ஏறிவிட்ட இந்நாளில், எல்லாப் பெற்றோராலும் பிள்ளைக்கு ஃபிலிம் கேமரா வாங்கிக் கொடுக்க இயலாது. அதற்காக வருந்தவும் வேண்டியதில்லை. கையில் இருக்கும் கைப்பேசியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோவிலுக்கோ செம்பனைத் தோட்டத்துக்கோ பிள்ளையை அனுப்பலாம். 12 படம்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் எப்படி வரும் என்பதை எடுக்கும் முன்பே ஒரு தாளில் இரண்டு வரி எழுத வேண்டும். முதல் பத்துப் படங்களை வீடு வரும்வரை திறந்து பார்க்கக் கூடாது. கடைசி இரண்டை மட்டும் அங்கேயே பார்த்து, எழுதியதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். மாலையில் தாளையும் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த ஞாயிறு எதைப் பழக வேண்டும் என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.